சிப்ஸ் கம்பெனிக்கு எதுக்கு சவுக்குக் கம்பு?

எங்கள் பழைய கம்பெனியின் கொள்முதல் பிரிவில் இப்போது புதிதாக ஒரு மென்பொருள் போட்டிருக்கிறார்களாம். ஒரு சாமானின் பெயரைத் தட்டினால் போதும், அதன் செலவு எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்று கலர் கலராகப் படம் காட்டுமாம். அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் போனில் கூப்பிட்டு, "மேடம், இதெல்லாம் இல்லாத காலத்துல செலவ ஏத்துகது எது, எறக்குகது எதுன்னு, அதான் காஸ்ட் டிரைவர், நீங்க எப்படி கண்டுபிடிச்சிய? எழுதித் தாருங்க" என்றார்கள். கேட்டதுதான் தாமதம், அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது, போகட்டும்.

நான் மார்த்தாண்டத்தில் ஒரு ஏத்தங்காய் சிப்ஸ் கம்பெனியில் கொள்முதல் பார்த்து ஓய்வு பெற்றவள். பெயர் ஸ்டெல்லா. வெளியூர்க்காரர்கள் நேந்திரம் என்று சொல்வதைத்தான் நாங்கள் ஏத்தன் என்போம். பி.காம். முடித்துவிட்டுக் கணக்கு எழுதப் போன என்னை, கொள்முதல் மேனேஜராக இருந்த ஆசீர்வாதம் சார் தன் பிரிவுக்கு இழுத்துக்கொண்டார். முதல் சில வருடங்கள் கொட்டேஷன் வாங்குவதும், லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டுவதும், மஞ்சள்பொடியில் கலப்படம் பிடிப்பதுமாக ஓடிப்போயின. அதில் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாரும் படுகிற பாடுதான்.

ஆனால் ஆசீர்வாதம் சாரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒல்லியான மனிதர். எதையும் பிரித்துப் போட்டுப் பார்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அட்டைப்பெட்டி விற்க வருகிறவர் விலை சொல்ல வாயெடுத்தால், "வெலையப் பொறவு சொல்லும் வோய், மொதல்ல பெட்டியத் தாரும்" என்று வாங்குவார். அளந்து ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் முக்குவார். வந்தவர் திருதிருவென்று முழிப்பார். கொஞ்ச நேரத்தில் பசை விட்டு, அட்டை தாள் தாளாகக் கழன்று வரும். ஒவ்வொரு தாளையும் ஜன்னல் கம்பியில் காயப் போட்டு, மறுநாள் நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசில் தனித்தனியாக நிறுப்பார்.

"நடுத்தாளு இம்புட்டு கனம் எதுக்கு வோய்? நான் உள்ள வைக்கப் போறது சிப்ஸாக்கும், செங்கல் இல்ல" என்பார். அடுத்த லோடில் நடுத்தாள் மெலியும், விலையும் இறங்கும். விற்கிறவருக்கும் நஷ்டம் கிடையாது, அவருடைய காகிதச் செலவும் குறைந்துவிட்டதே! அடுத்தவன் வயிற்றில் அடித்து விலை குறைக்கிறவன் கொள்முதல்காரன் இல்லை என்பது சாருடைய கட்சி. செலவு எங்கே பிறக்கிறது என்று தேடிப் போய் அங்கே கை வைக்க வேண்டும். கேட்டகரி மேனேஜ்மென்ட் என்று இப்போது பெரிதாகச் சொல்கிறார்களே, வாங்குகிற சாமானை இனம் இனமாகப் பிரித்து, இனத்துக்கு ஒரு யோசனை வைத்து வாங்குவது, அதைச் சார் வாளியும் தராசும் வைத்துச் செய்துகொண்டிருந்தார்.

இனி, கம்பெனியையே ஆட்டிவைத்த அந்த ஏத்தங்காய் விவகாரத்துக்கு வருகிறேன்.

எங்கள் முதலாளி நல்ல மனிதர், ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் காரை விட்டு இறங்கினதும், "இன்னைக்கி காயி என்ன ரேட்டு?" என்று கேட்பார். ரேட்டு குறைவு என்றால் ஆபீஸ் முழுக்க டீயும், பழ பஜ்ஜி மாதிரியான பழம்பொரியும் வரும். கூடுதல் என்றால் அன்றைக்கு அவர் கண்ணில் படாமல் இருப்பது புத்தி. சந்தைக்குப் போய்க் குலை எடுக்கிற வின்சென்ட், அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே பிறந்தவன். கெட்டிக்காரன். வேறு எந்தக் கம்பெனியும் வாங்க முடியாத விலைக்குக் காய் கொண்டுவருவான். அவன் புண்ணியத்தில் வந்த பழம்பொரியை நானும் நிறையத் தின்றிருக்கிறேன்.

ஓர் ஆடி மாதம் முதலாளி சாரையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். முகம் சரியில்லை.

"நம்மகிட்ட சிப்ஸ் வாங்குக வளைகுடா பார்ட்டி வெலையக் குறைங்கியான். காயி இவ்ளோ சல்லிசா வாங்கியும் நமக்குக் கட்டுப்படியாகல்ல. பார்டருக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் வறுத்த சிப்ஸே நம்ம செலவ விடக் கொறச்சுத் தாறேங்கியான். இந்த ஓணத்தோட ஷெட்ட அடைச்சிரலாம். வாங்கி, பாக்கெட் போட்டு அனுப்புனா போதும்."

ஷெட் என்றால் காய் உரித்து, சீவி, வறுக்கிற இடம். நாற்பது பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு மூத்தவள் ரோஸ்லெட். அவள் வீட்டுக்காரர் வளைகுடாவில் இடுப்பொடிந்து திரும்பி வந்தவர், மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கூலி ஒன்றுதான் அந்த வீட்டுக்கு வருமானம். விஷயம் எப்படித்தான் பரவியதோ, நான் ஷெட்டுக்குள் கால் வைத்ததும் காய்க்கறை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எக்கா, எங்கள எல்லாம் வீட்டுக்கு அனுப்பப் போறாவளாமே, உள்ளதா?"

"இன்னும் ஒண்ணும் முடிவாகல்ல மக்கா" என்று சொல்லிவிட்டு நேரே சாரிடம் ஓடினேன். அவர் அதற்குள் ஒரு கிலோ சிப்ஸைப் பிரித்துப் போட ஆரம்பித்துவிட்டார்!

காய்க்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு, கேஸ், கூலி, பாக்கெட், லாரி என்று கூறு கூறாக வைத்தோம். முதலாளி மனதில் கூலிதான் பெரிய செலவு. பார்த்தால் அது ஓரத்தில் ஒல்லியாகக் கிடந்தது. தேங்காய் எண்ணெய்தான் மலை மாதிரி நின்றது. அத்தனை கிலோ சிப்ஸுக்கு அத்தனை எண்ணெய் போக வழியே இல்லை. அதைப் பார்த்த முதலாளி உடனே, "வறுக்கியவன் எண்ணெயைக் கடத்துகானா?" என்று கேட்டார். சார் கையைக் காட்டி நிறுத்தினார். "ஆளச் சந்தேகப்படுகதுக்கு முன்ன காயச் சந்தேகப்படுவம் மொதலாளி."

வின்சென்ட் கொண்டுவருகிற குலைகளை இடம் வாரியாகத் தனித்தனியே குவிக்கச் சொன்னோம். ஒரே வறுவல் மாஸ்டர், ஒரே வாணலி, ஒரே சூடு. சீவிய காயை ஒரே எடை நிறுத்து, ஒவ்வொரு குவியலாக வறுத்தோம். உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை எண்ணெயில் தெளிக்கும்போது எழும்புகிற இரைச்சலில் நாங்கள் கத்திக் கத்திப் பேசினோம். முதல் குவியலில் பொன்னிறமாக, முறுமுறுவென்று, கூடை நிறையச் சிப்ஸ் வந்தது. அடுத்தது வந்ததே பார்க்கணும்! சுருங்கி, சொங்கிப்போய், கூடையில் பாதிக்கு. காகிதத்தில் கொட்டினால் காகிதம் கண்ணாடியாகிவிட்டது.

நான் சாடி எழுந்துவிட்டேன். "சார்! எண்ணெய இந்தக் காயாக்கும் குடிக்கு!"

"குடிக்கட்டும். ஏன் குடிக்குன்னு பாரு" என்றார் சார். ஒரு பதில் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படக்கூட அவர் விடமாட்டார்.

பச்சைக் காயை எடுத்துப் பார்த்தோம். நன்றாக விளைந்த ஏத்தன் உருண்டு திரண்டிருக்கும். இது விளிம்பு கூர்மையாக, கம்பு கம்பாக இருந்தது. மூப்பு போதாத காய். உள்ளே மாவு குறைவு, தண்ணீர் அதிகம். எண்ணெயில் விழுந்ததும் தண்ணீர் வெளியே போகிறது, அந்த இடத்தில் எண்ணெய் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. தேங்காய் எண்ணெய் விற்கிற விலைக்கு இப்படிப்பட்ட காயைச் சும்மா தந்தாலும் வாங்கக்கூடாது!

வின்சென்டைக் கூப்பிட்டோம். அவன் ஒன்றையும் ஒளிக்கவில்லை. "ஒடிஞ்ச குலையாக்கும் மேடம். காத்துல சாஞ்ச வாழைல வெட்டுனது. அதான் சல்லிசா கிட்டும். வெவசாயி எந்த ரேட்டுக்கும் தள்ளிருவான்லா?"

எங்கள் மாவட்டத்தில் இதைத் தனியாக விளக்க வேண்டாம். ஓணத்துக்கு வெட்டுகிற மாதிரி வாழை வைப்போம். குலை முற்றுவதற்குச் சற்று முன்னால், ஆனியிலும் ஆடியிலும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று வரும். குலை கனத்தில் தலை சாய்ந்து நிற்கிற வாழை நடுவில் ஒடியும். முதலாளி தினமும் காலையில் ரேட்டு கேட்டார், வின்சென்ட் ரேட்டைக் குறைத்தான், கடைசியில் நாட்டில் ஒடிந்த குலையெல்லாம் எங்கள் ஷெட்டில் வந்து இறங்கியது.

மறுநாளே சாரும் நானும் பூதப்பாண்டிக்குப் பஸ் ஏறினோம். வின்சென்டுக்குக் குலை தருகிற செல்லப்பன் அண்ணாச்சியின் வயலில் பாதி வாழை தரையில் கிடந்தது. மனிதர் நடுவில் நின்று ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு ஊணு குடுக்கப்பிடாதா அண்ணாச்சி?" என்று கேட்டேன். ஊணு என்றால் வாழைக்கு முட்டுக் கொடுக்கிற கம்பு.

"குடுத்தா நிக்கும், அது எனக்குத் தெரியாதா? கம்புக்கு எங்க போவேன்? இங்க சில்லறையா வாங்குனா வாழைக்குப் போட்ட பைசா கம்புக்கே தீந்துரும். அதும் ஒரு மழ பெஞ்சா அடிய செதல் தின்னுரும். பாதி சாஞ்சாலும் பாதி கிட்டும்லான்னு துணிஞ்சு விட்டுருவோம். ஆடிக் காத்துல அம்மியே பறக்குங்கான், வாழ எம்மாத்திரம்!"

திரும்பி வரும்போது பஸ்ஸில் சாரும் நானும் பேசிய பேச்சில் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிக் களியக்காவிளை வரைக்கும் போய்விட்டோம். கண்டக்டர் திட்டினார். திட்டட்டும்! எங்களுக்குச் செலவின் வேர் கிடைத்துவிட்டது. எண்ணெய்ச் செலவைத் தள்ளுவது காய், காயைக் கெடுப்பது காற்று, காற்றுக்கு மருந்து கம்பு. ஊணுக்கு நல்லது சவுக்குக் கம்பு, அது ஏன் விலை? சவுக்கு விளைகிற கடலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே கொண்டுவருகிற லாரி வாடகைதான் அதில் பெரும்பங்கு. எங்கள் லாரிகளோ சென்னைக்குச் சிப்ஸ் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அதே கடலூர் வழியாகத்தான் வெறும் வண்டியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன!

"சார், லாரியத் தனி இனமா, காயத் தனி இனமா, எண்ணெயத் தனி இனமா பாத்துட்டு இருந்தோம். எல்லாம் ஒண்ணுதான சார்!" என்று நான் பஸ்ஸிலேயே கத்தினேன். சார் முதன்முறையாக என்னிடம், "கொள்ளாம் பிள்ளே" என்றார். மற்றவர்களுக்கு அது வெறும் "நல்லாருக்கு". எனக்கு அது பட்டம்.

முதலாளியிடம் போய்ச் சொன்னபோது அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சிப்ஸ் கம்பெனிக்கு எதுக்குடே சவுக்குக் கம்பு? பந்தல் போடப் போறியளா?"

இரண்டு வகைச் சிப்ஸையும் காகிதத்தில் கொட்டி அவர் முன்னால் வைத்தேன். எண்ணெய் ஊறுவதைப் பார்த்துக்கொண்டே, "அது செரி, காயி ரேட்டு என்ன ஆகும்?" என்றார்.

"ஏறும் மொதலாளி" என்றேன்.

"ரேட்ட ஏத்துகதுக்கா ஒனக்குச் சம்பளம் தாறேன்?" என்று மேசையில் ஒரு தட்டு தட்டினார். டீ கிளாஸ் குதித்தது.

சார் குரலை உயர்த்தவே இல்லை. "அடுத்த ஓணம் வரைக்கும் தாருங்க. காயி ரேட்டு ஏறும், சிப்ஸுக்குச் செலவு எறங்கும். எறங்கல்லன்னா ஷெட்டோட சேத்து என்னையும் அடைச்சிருங்க" என்றார். முதலாளி அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "அடுத்த ஓணம். அதுக்கு மேல ஒரு நாளு கெடையாது" என்றார்.

கம்பு வந்து இறங்கியபோது பங்குனி மாதம், ஷெட்டில் வேலை மெலிந்திருந்த நேரம். சிதல், அதாவது கறையான், அரிக்காமலிருக்க ஒவ்வொரு கம்பின் அடியையும் தாரில் முக்க வேண்டும் என்றதும் ரோஸ்லெட்டும் மற்றப் பெண்களும் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வந்துவிட்டார்கள். "எக்கா, கையில ஏற்கனவே காய்க்கறை. இனி தாரும் ஆச்சு. நான் சோறு வெளம்புனா எங்க வீட்டுக்காரரு திங்க மாட்டாரு" என்று ரோஸ்லெட் சொல்ல, "அதுக்கு முன்ன நீ திங்கிய சோத்துக்கு வழி பாருட்டி" என்று இன்னொருத்தி சொல்ல, ஒரே சிரிப்பு. ஆனால் சிரிப்புக்கு நடுவில் ஒவ்வொருத்தியும் தான் முக்கின கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தார் படாத இடத்தை மறுபடியும் முக்கினாள். அந்தக் கம்பு நின்றால்தான் தாங்கள் நிற்க முடியும் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பூதப்பாண்டியில் விவசாயிகள் லேசில் மசியவில்லை. "கம்பத் தந்து குலைய அமுக்கப் பாக்கியளோ?" என்று ஒருவர் கேட்டார். கம்புக்கு எங்கள் அடக்கவிலைதான், அதையும் குலை விலையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வோம், காய் முற்றி வெட்டினால் அந்த வாரச் சந்தை விலைக்கு மேலேயே தருவோம் என்று சொன்னேன். எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். செல்லப்பன் அண்ணாச்சிதான் முதலில் எழுந்தார். "எழுத்து அங்க கெடக்கட்டும். கம்ப எறக்குங்க" என்றார். அவர் வாங்கியதும், ஓரிருவரைத் தவிர மற்றவர்களும் ஒவ்வொருவராக வாங்கினார்கள்.

அப்புறம் ஆடி வந்தது. எப்பேர்ப்பட்ட ஆடி! மார்த்தாண்டத்திலேயே கடைப் பலகைகள் ஆடின. எனக்கு ஆபீஸில் இருப்பே கொள்ளவில்லை. சாரை இழுத்துக்கொண்டு பூதப்பாண்டிக்குப் போனேன். வரப்பில் நிற்க முடியவில்லை, காற்று ஆளையே தள்ளியது. பக்கத்து வயலில், கம்பு வேண்டாம் என்றவர் வாழை, எங்கள் கண் முன்னால் ஒடிந்து விழுந்துகொண்டிருந்தது. செல்லப்பன் அண்ணாச்சி வயலில் வாழை சாயும், கம்பு கிறீச்சென்று முனகும், மறுபடி நிமிரும். சாயும், நிமிரும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பெரிய வீச்சு வந்தது. வயல் முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்தது. போச்சு என்றே நினைத்தேன். காற்று விட்டதும் அத்தனையும் எழுந்து நின்றன.

"நின்னுட்டு சார்! நின்னுட்டு!" என்று வரப்பில் குதித்தேன். சாருடைய குடை கையை விட்டுப் பறந்து மூன்று வயல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. ஓணம் நெருங்கியதும் சந்தையில் காய் விலை தீப்பிடித்தது. பார்டருக்கு அந்தப் பக்கத்து வியாபாரிகள் ரொக்கத்தோடு வயலுக்கே வந்து நின்றார்கள், நாங்கள் சொன்ன விலைக்கு மேலே வைத்துக் கேட்டார்கள். வின்சென்ட் ஓடி வந்து, "மேடம், வெவசாயிங்க எல்லாரும் அங்க குடுத்துருவாங்க போலிருக்கு. நான் பழையபடி சந்தைல எடுக்கவா?" என்று கேட்டான். சார், "இருடே" என்றார். ஷெட்டில் ரோஸ்லெட்டும் மற்றவர்களும் வெறும் கையோடு உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் அடுப்பில் ஏறியிருந்தது, வறுக்கக் காய் இல்லை.

பதினொரு மணி வாக்கில் ஒரு டெம்போ ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே திரும்பியது. முன்னால் செல்லப்பன் அண்ணாச்சி. பின்னால் குலை! ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு, நல்ல மூப்பு. அதற்குப் பின்னால் இன்னொரு டெம்போ. அதற்கும் பின்னால் இன்னொன்று.

"கூடக் கேட்டாங்களாமே அண்ணாச்சி?" என்றேன்.

"கேட்டான். ரூவா கூடத்தான். ஆனா அவன் ஆடியில வந்து வரப்புல நின்னானா? நீயும் உங்க சாரும் கோட்டி பிடிச்ச மாதிரி நின்னத நான் பாத்தேம்லா" என்று சொல்லிவிட்டு, "லேய், குலைய மெள்ள எறக்கு" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார்.

அந்த ஓணத்துக்கு வாணலியில் எண்ணெய் குறையவே மாட்டேன் என்றது. கூடை கூடையாகப் பொன் மாதிரிச் சிப்ஸ். எண்ணெயில் பிடித்த மிச்சம், காய்க்குக் கூடுதலாகக் கொடுத்ததை ஈடுகட்டிவிட்டு அதற்கு மேலேயும் நின்றது. பார்டருக்கு அந்தப் பக்கத்துக்காரன் சொன்ன விலையைவிட எங்கள் சொந்தச் சிப்ஸ் குறைந்த செலவில் நின்றது. கணக்கு முடித்துக் காட்டியதும் முதலாளி எழுந்து ஷெட்டை நோக்கி நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

அவரைப் பார்த்ததும் நாற்பது பேரின் கையும் நின்றது. முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஷெட்டு அடைக்கல்ல. சோலியப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"மொதலாளி, ஒண்ணு நில்லுங்க" என்றாள் ரோஸ்லெட். "உள்ளதாத்தான் சொல்லுதியளா? அடைக்கல்லியா?"

"அதான் சொல்லுதேன்லா. அடைக்கல்ல."

"அப்படின்னா இங்க ரெண்டு ஃபேன் போட்டுத் தரணும். அடுப்புச் சூட்டுல வெந்து போறோம். போன வருசமே கேக்கணும்னு இருந்தோம். அடைக்கப் போற ஷெட்டுக்கு ஃபேன் எதுக்குன்னு சும்மா இருந்துட்டோம்."

முதலாளி தலையை ஆட்டினார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அத்தனை பேருக்கும் நடுவில் நின்று ஓவென்று அழுதேன்.

ரோஸ்லெட் என் கையைப் பிடித்தாள். "எக்கா, நீங்க எதுக்கு இப்ப கரையுதிய? கடை அடைக்கதுக்குள்ள போயி ஃபேன வாங்குங்க."